ஒரு பருவம் முந்தி விழுந்த நிழல்

செம்மேட்டுக்குப்பத்துப் பலாமரங்களின் நிழல்கள் தங்கள் மரங்களைவிட ஒரு பருவம் முந்திப்போய் விழ ஆரம்பித்ததை முதலில் கண்டவள் தனபாக்கியம்தான் என்றாலும், அவள் அதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை, தொந்தரவாகத்தான் எடுத்துக்கொண்டாள். ஒரு காலையில் தங்கள் தோப்பு நிழலில் பாய் விரித்துப் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவளுடைய முதுகில் சுரீரென்று வெயில் அடிக்க, அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே கிளை நிறைய இலை, குனிந்து பார்த்தால் அந்தக் கிளையின் நிழல் மட்டும் ஓர் இலைகூட இல்லாமல் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி தரையில் கிடந்தது. "இந்த மரத்துக்கு நெழலு குடுக்கக்கூட வலிக்குது" என்று திட்டிவிட்டு, பாயை அடுத்த மரத்தடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு மிச்சப் புளியையும் எடுத்து முடித்தாள்.

எங்கள் ஊர் பண்ருட்டிக்கு மேற்கே செம்மண் மேட்டில் இருக்கிறது, பலாவும் முந்திரியும் தவிர வேறு பேச்சு இல்லாத ஊர், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனாலும் முதலில் காய்ப்பு எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளை யார் என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் தனபாக்கியம் திட்டிய அந்தக் கிளை, மழை நின்ற பிறகு, பட்டைமேல் ரோஜா நிறத்தில் மாவு பூசியது போலப் பூசணம் படர்ந்து, இலை பழுத்து, நுனியிலிருந்து கருகிக் கருகி, கடைசியில் என்றோ தரையில் விழுந்துகிடந்த நிழலைப் பார்த்து வரைந்தது போல மொட்டையாக நின்றபோது, அவள் புருஷன் கலிவரதன் மரத்தையும் தரையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "மரத்துக்கு வரப்போறது நெழலுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்குது" என்றான். அவ்வளவுதான், ஊர் அதை நம்பிவிட்டது. ஏன் இப்படி என்று கேட்டவர்களும் இருந்தார்கள். மேட்டுக்குக் குறுக்கே போகும் மின்கம்பியால் என்றார்கள், கடைசியாக அடித்த புயலில் சூரியன் கொஞ்சம் இடம் மாறிவிட்டது என்றார்கள், திரௌபதி அம்மனுக்கு எட்டு வருஷமாகக் கூத்து வைக்காததால் என்று பூசாரி சொன்னார், ஆனால் அது பிஞ்சு பிடிக்கும் காலம், மரத்துக்கு மரம் ஏறி இறங்கவே பொழுது போதவில்லை, காரணம் தேட யாருக்கும் நேரம் இல்லை.

நேரம் இருந்தவள் அஞ்சலாட்சி ஒருத்திதான், ஏனென்றால் அவள் யாரையும்விட முன்னால் எழுந்துவிடுவாள், யாரையும்விட வேகமாக மரம் ஏறுவாள், யார் பேசினாலும் பாதியில் முடிவு சொல்லிவிடுவாள், அதனால் மிச்சப்படும் நேரம் ஏராளம். கலிவரதனுக்குப் பங்காளி முறையில் அண்ணி. நரைத்த முடியை இறுக்கி முடிந்து, சேலையைத் தூக்கிச் செருகி, இடுப்பில் கிளை அறுக்கும் வாளைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பாள். அவள் புருஷன் நாராயணசாமி தங்கமான மனுஷன், அவர் பேசி நாங்கள் கேட்டது குறைவு. அவள் தோப்பின் மேற்கு ஓரத்தில், கலிவரதன் தோப்பை ஒட்டி, ஊரிலேயே உயரமான பலா ஒன்று நின்றது. ஊரில் இன்று காய்க்கிற மரங்களில் பெரும்பாலானவை அதிலிருந்து ஒட்டுக் கட்டின கன்றுகள் வளர்ந்து ஆனவைதான் என்பதால் அதைத் தாய்மரம் என்றே சொல்வோம், அந்தத் தாய்மரத்துக்கு உரியவள் என்பதால் அஞ்சலாட்சி எங்கள் எல்லாருடைய மரங்களுக்கும் தன்னைச் சம்பந்தியாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

நிழல் மொட்டையாக விழுகிற கிளையை, மரத்தில் அது பச்சையாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும் என்று முதலில் சொன்னவள் அவள்தான். ஆதிமூலத்தின் தோப்பில், இலை செழித்துப் பிஞ்சு தொங்கிய ஒரு கிளையை, நிழலை மட்டும் சாட்சியாக வைத்து அறுக்கப் போனபோது ஆதிமூலம் கிளைக்குக் கீழே படுத்துக்கொண்டு மறித்தான்; அவனை இரண்டு பேர் தூக்கி ஓரமாக வைக்க, அஞ்சலாட்சி முதலில் கிளையின் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து, பிறகு மேலேயிருந்து அறுத்து, பட்டை கிழிபடாமல் கிளையை இறக்கினாள், இறக்கிப் பார்த்தால் மஞ்சள் கட்டைக்கு நடுவே பழுப்பாக ஒரு கோடு, தேநீர் சிந்தின கறை மாதிரி, அடிமரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோடு முடிந்து சுத்தமான கட்டை தெரியும் வரைக்கும் இன்னொரு துண்டு அறுத்தாள், வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த நீலப் பசையைப் பூசினாள், வாளை டெட்டாலில் துடைத்தாள், வெட்டிய கிளையைத் தோப்புக்கு வெளியே கொண்டுபோய்க் கொளுத்தச் சொன்னாள். மறுநாள் காலையில் ஆதிமூலத்தின் மரத்து நிழல் முழுசாக விழுந்தது, ஆதிமூலம் ஒரு தார் வாழைப்பழத்தோடு அவள் வீட்டுக்குப் போனான்.

அதற்குப் பிறகு ஊர் நிழலோடு வாழப் பழகிக்கொண்டது, பழகிக்கொண்டதோடு நிற்காமல் நிழலை ஏமாற்றவும் பழகிக்கொண்டது. பிஞ்சிலேயே தோப்பை விலை பேச வரும் மண்டி வியாபாரிகள் விஷயம் தெரிந்ததும் மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்க ஆரம்பிக்க, நாங்கள் அவர்களை நிழல் காலடியில் ஒடுங்கிக் கிடக்கும் உச்சி வேளைக்கு வரச்சொல்லி, கோழி அடித்துச் சோறு போட்டு, பொழுது மறையும் வரை தூங்கவைத்தோம். அவர்கள் சோற்றைத் தின்றுவிட்டு மறுநாள் காலையில் சொல்லாமல் வந்து நின்றார்கள். நாங்கள் மரத்தடியில் வைக்கோல் பரப்பினோம், ஏர் ஓட்டினோம், நிழல்மேல் ஆடுகளை மேயவிட்டோம், ஒருவன் மொட்டை நிழல் விழும் இடத்தில் தன் மாமனாரைக் கட்டில் போட்டுப் படுக்கவைத்து, அவருக்கு உடம்பு சரியில்லை எழுப்பாதீர்கள் என்று வியாபாரிகளைச் சுற்றிப் போகச் சொன்னான். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்த கையோடு தோப்பு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். கொஞ்ச காலம் நாங்கள் எங்கள் சொந்த நிழல்களையும் சந்தேகத்தோடு பார்த்தோம், வெயிலில் நின்று கையைத் தூக்கினோம், காலை மடக்கினோம், தலையைத் திருப்பினோம். மனுஷ நிழல்கள் எப்போதும் போல எதையும் சொல்லாமல் எங்கள் காலைப் பிடித்துக்கொண்டு வந்தன, நாங்களும் நிம்மதியாக அந்த வேலையை விட்டோம்.

ஆனால் இந்த ஏமாற்று வேலைகளில் கெட்டுப்போனது வியாபாரிகள் அல்ல, மரங்கள்தான். தன் மரத்தின் நிழலைத் தானே பார்ப்பவன் அது முழுசாகத்தான் இருக்கிறது என்று சத்தியம் பண்ணுவான், வெட்ட வேண்டிய கிளையை வெட்டாமல் வைத்திருப்பான், பூசணம் காற்றில் பறந்து அடுத்த தோப்புக்குப் போகும். ஒரு மழைக்காலத்தில், வானம் மூடி நிழலே விழாத நாட்களில், எல்லாரும் ஒருவரோடொருவர் சுமுகமாக இருந்த சமயம் பார்த்து, கோயிலில் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தோம்: தன் மரத்தின் நிழலைத் தான் படிக்கக் கூடாது, அடுத்தவர்தான் படிக்க வேண்டும், படித்தவர் சொன்னால் அன்றைக்கே வெட்ட வேண்டும். யார் படிப்பது என்று கேட்பதற்குள் அஞ்சலாட்சி எழுந்து நின்றுவிட்டாள், அவள் எழுந்து நின்றபின் மற்றவர்கள் உட்கார்ந்துவிட்டோம். அன்று முதல் காலை வெயில் ஏறும்போது அவள் தோப்புத் தோப்பாக நடந்து, "அடிமரம் சுத்தம், தெற்குக் கெளை சுத்தம், கெழக்கால நுனி கருகுது, ஒரு மொழம் தள்ளி வெட்டு" என்று உரத்த குரலில் படித்துக்கொண்டே போவாள். அவள் மரங்களை யார் படிப்பது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய், தோன்றியது, தைரியம் வரவில்லை.

தோட்டக்கலை அலுவலர் ஷமீமா ஸ்கூட்டரில் வந்து இந்த விவகாரத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். அவர் சிரிக்கவில்லை, நம்பமாட்டேன் என்றும் சொல்லவில்லை, ஒரு மரத்தடியில் குந்தி நிழலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, எந்த நேரத்தில் பார்க்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"காலையிலதாம்மா. கூச்சம் இல்லாம நீட்டமா வுழும்" என்றாள் அஞ்சலாட்சி.

"சாயங்காலமும் பாருங்கக்கா. நெழலு, எங்க நோவுன்னு மட்டுந்தான் சொல்லும். என்ன நோவு, எவ்ளோ தூரம் போயிருக்குதுன்னு மரத்துகிட்டதான் கேக்கணும். பட்டையத் தட்டிப் பாருங்க, வேரத் தோண்டிப் பாருங்க. வேருல வர்ற அழுகல் கெளையில தெரியறதுக்குள்ள பாதி முடிஞ்சிரும்."

"எங்க ஊரு நெழலு பொய் சொல்லாதும்மா."

"நெழலு பொய் சொல்லும்னு நான் சொல்லலக்கா" என்றார் ஷமீமா, வேப்பம்பிண்ணாக்கில் கலந்து வேருக்குப் போடச் சொல்லி, அழுகலைத் தின்னும் நல்ல பூசணமான டிரைக்கோடெர்மா பொட்டலங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். அஞ்சலாட்சி அவற்றை எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்தாள். தன் தோப்புக்கு அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

மறு வருஷம், காய்கள் ஒரு கைக்குள் அணைக்கிற அளவுக்குத் திரண்டிருந்த சமயத்தில், ஒரு காலையில் கலிவரதனின் பெரிய மரத்து நிழலில் வடக்குப் பக்கமாக ஒரு கிளை மொட்டையாக நீட்டிக்கொண்டிருப்பதை அஞ்சலாட்சி பார்த்தாள். அந்த வடக்குக் கிளைதான் அவன் தோப்பிலேயே அதிகம் காய்ப்பது, முற்றினால் ஒரு காய் இரண்டு ஆள் தூக்குகிற எடை, அந்தக் காய்களைக் காட்டித்தான் மண்டிக்காரனிடம் முழுத்தோப்புக்கும் பேசுவான். இருந்தும் கலிவரதன் மறுபேச்சுப் பேசவில்லை, ஏனென்றால் முதன்முதலில் நிழலை மதிக்காமல் கிளையைப் பறிகொடுத்தவன் அவன். "நீங்க சொன்னா செரி அண்ணி" என்று ஏணியைக் கொண்டுவந்து சாத்தினான். அவள் ஏறி, அடியறுப்பு அறுத்து, மேலறுப்பு அறுத்து, கயிறு கட்டி இறக்கினாள், காய்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கீழே வந்தன, பால் மடமடவென்று வழிந்து அவள் முழங்கை வரைக்கும் ஒட்டியது.

வெட்டுவாயில் பழுப்புக் கோடு இல்லை. கட்டை புதுத் துணி மாதிரி சுத்தமாக இருந்தது. கீழே நின்ற நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம், அவளும் பார்த்தாள்.

"இந்தத் தடவ நெழலு ரொம்ப முந்திப்போயிருக்குது. கோடு வர்றதுக்கு முன்னாலயே சொல்லிரிச்சு. நல்ல காலம்" என்று சொல்லி அவள் பசையைப் பூசினாள். தனபாக்கியம் கீழே கிடந்த காய்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் முற்றவில்லை, மாட்டுக்குத்தான் ஆகும்.

மறுநாள் காலையில் கிளை இல்லாத கலிவரதன் மரத்தின் நிழலில், நேற்று இருந்த அதே இடத்தில், அந்த மொட்டைக் கிளை நீட்டிக்கொண்டுதான் இருந்தது. தனபாக்கியம்தான் மறுபடியும் முதலில் பார்த்தாள், இந்தத் தடவை அவள் யாரையும் திட்டவில்லை, நெடுநேரம் நின்று யோசித்தாள். காலை வெயில் கிழக்கேயிருந்து வருகிறது, தங்கள் மரத்துக்குக் கிழக்கே நிற்பது தாய்மரம், தங்கள் மரத்தைவிட உயரம், அதன் நிழல் தங்கள் மரத்து நிழலின்மேல் வந்து படுத்து, அதையும் தாண்டி நீண்டுபோய்த் தன் உச்சியை வடக்கு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது, நீட்டிக்கொண்டிருப்பதில் ஓர் இலைகூட இல்லை. அவள் அதைப் புருஷனிடம் சொன்னாள், புருஷன் ஆதிமூலத்திடம் சொன்னான், மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, அஞ்சலாட்சியைத் தவிர. அவளைக் கண்டால் நாங்கள் வழிமாறிப் போனோம். அவள்மேல் எங்களுக்குக் கோபமும் இருந்தது, ஆதிமூலத்தைத் தூக்கி ஓரம் வைத்த அந்த வேகத்தை எங்களில் பாதிப் பேர் மறக்கவில்லை. பாவமாகவும் இருந்தது, தாய்மரம் போனால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று யோசித்தோம். எல்லாவற்றுக்கும் மேலே பயம் இருந்தது, தாய்மரத்து வேர் கலிவரதன் மரத்து வேரோடும், அந்த வேர் அடுத்த மரத்து வேரோடும், அப்படியே கைகோத்துக்கொண்டு ஊர்க்கோடி வரைக்கும் போகிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் கலிவரதன் அவள் வீட்டு வாசலில் போய் நின்றான். சண்டை போடத்தான் போகிறான் என்று நாங்கள் நாலைந்து பேர் பின்னாலேயே போனோம்.

"அண்ணி, வெட்டுன கெளையோட நெழலு இன்னும் அங்கியே கெடக்குது."

"வெட்டுன கெளைக்கு ஏதுடா நெழலு?"

"அதான் சொல்றன். அது எங்கெளையோட நெழலு இல்ல."

முடிவு சொல்லாமல் ஒரு பேச்சை அவள் முழுக்கக் கேட்டு நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்த நாராயணசாமி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சாயங்காலம் பாத்துருவம்" என்றார்.

காலையில் தாய்மரத்தின் நிழல் கலிவரதன் மரத்து நிழலோடு கலந்துவிடும், சாயங்காலத்தில் கிழக்கே முந்திரிப் புதர்கள்மேல் விழும், புதரின் மேடுபள்ளத்தில் எந்த நிழலும் முறிந்துதான் தெரியும், அதனால்தான் இத்தனை நாளும் யார் கண்ணிலும் படவில்லை. பூசாரி கோயிலிலிருந்து கூத்துக்குப் பிடிக்கிற வெள்ளைத் திரையை எடுத்துவந்தார், அது போதாமல் ஆதிமூலம் வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துக்கொண்டுவந்தான், ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று முந்திரிப் புதருக்கு முன்னால் துணியைத் தூக்கிப் பிடித்தோம். வெயில் மஞ்சளாகிச் சாய்ந்தது, எங்களுக்கு எதிரே தாய்மரம் இலையும் காயுமாகத் தளதளவென்று நிற்க, எங்கள் கையிலிருந்த துணியில் அடிமரத்திலிருந்து உச்சிவரை ஓர் இலை இல்லாத மரம் வந்து விழுந்தது. காற்று அடித்தபோது துணியோடு சேர்ந்து அதுவும் ஆடியது. துணியைப் பிடித்திருந்த பெண்களில் சிலர் அழுதார்கள், அந்த மரத்தின் குழந்தைகள்தானே அவர்கள் வீட்டிலும் நிற்கின்றன.

அஞ்சலாட்சி அழவில்லை. "பழம் எறங்கட்டும், அப்பறம் வெட்டலாம்" என்றாள். இதே வார்த்தையை எங்களில் ஒவ்வொருவரும் அவளிடம் சொல்லியிருக்கிறோம், பழம் இறங்கும் வரைக்கும் நோய் காத்திருக்குமா என்று ஒவ்வொருவரையும் அவள் கேலி பேசியிருக்கிறாள். இப்போது அதைத் திருப்பிக் கேட்க எங்கள் எல்லாருக்கும் வாய் அரித்தது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் யாராலும் முடியவில்லை. துணியை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தால் அவள் தாய்மரத்தின் மேற்குப் பக்கம் மண்வெட்டியோடு நின்றாள், பக்கத்தில் ஷமீமா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கியிருந்தார். தகவல் சொல்லியனுப்பியது நாராயணசாமி என்று பின்னால் தெரிந்தது. தடித்த வேர் ஒன்றின் பட்டையை ஷமீமா நகத்தால் உரித்தார், உரித்த இடத்தில் தோசை மாவு காய்ந்தது போல வெள்ளையாகப் பூசணம் படிந்திருந்தது, உள்ளே கட்டை பஞ்சாகிப் புளித்த வாடை அடித்தது. அஞ்சலாட்சி அந்த வேர் போகும் வழியே மண்ணைத் தள்ளிக்கொண்டு போனாள், வெள்ளை கூடவே போனது, மெலிந்துகொண்டே போனது, ஆனாலும் போய்க்கொண்டிருந்தது. கலிவரதன் தோப்பு வரப்புக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் வந்து மண்வெட்டியை நிறுத்தினாள்.

"வரப்புக்கு அந்தாண்ட போயிருக்குமா?" என்று ஷமீமாவைக் கேட்டாள். எங்களுக்குத் தெரிந்து அவள் பதில் தெரியாமல் ஒருவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"தெரியலக்கா. சின்ன வேர்ல போயிருந்தா இப்ப கண்ணுக்குத் தெரியாது. மரத்த எடுத்துருங்க, வேரெல்லாம் தோண்டிக் கொளுத்துங்க, ரெண்டு தோப்புக்கும் நடுவுல இடுப்பளவு பள்ளம் வெட்டி வேருங்களப் பிரிச்சு வுடுங்க. அதுக்கு மேல சொல்ல எங்கிட்ட எதுவும் இல்ல."

அஞ்சலாட்சி குழியிலிருந்து ஏறிவந்து கலிவரதன் முன்னால் நின்றாள். "ஒங்கெளைய நான் வெட்டுனது தப்பு. அத ஒட்டவைக்க எனக்குத் தெரியாது. எம்மரத்த வெட்டறன். ஒன்னுது பொழைக்குதான்னு பாப்பம்" என்றாள், அவ்வளவையும் அவள் ஊருக்கே கேட்கிற அதே குரலில்தான் சொன்னாள்.

தாய்மரத்தை அவளேதான் ஏறி இறக்கினாள், யாரையும் விடவில்லை; உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளையாக, அடியறுப்பு அறுத்து, மேலறுப்பு அறுத்து, பட்டை கிழியாமல், சாகப்போகிற மரத்துக்கு இந்த மரியாதை எதற்கு என்று யாரோ கேட்க, அடுத்த கிளைக்கு வாளை மாற்றி, பொழுது முழுக்க அறுத்தாள். காய்களை நாராயணசாமி கீழே நின்று ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார். கடைசியில் அடிமரம் மட்டும் நின்றபோது அவள் இறங்கிவந்து அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள், பால் அவள் நெற்றியில் ஒட்டிக்கொண்டது, பிறகு வாளைத் துடைத்துக் கலிவரதனிடம் கொடுத்து, "மிச்சத்த நீ அறு" என்றாள். அவன் அறுத்தான். ஊர் முழுக்கச் சேர்ந்து வேரைத் தோண்டியது, வரப்பு நெடுகப் பள்ளம் வெட்டியது, தோண்டியதை வெளியே கொண்டுபோய்க் கொளுத்தியது, குழியில் சுண்ணாம்பு தூவி, வேப்பம்பிண்ணாக்கும் ஷமீமா கொடுத்த பொட்டலங்களும் கலந்து மூடி மண்ணைச் சமப்படுத்தியது.

அதன் பிறகு எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு கவலைதான், கலிவரதன் மரத்தைப் பூசணம் தொட்டுவிட்டதா இல்லையா. தொட்டிருந்தால் அடுத்த பள்ளம் எங்கே வெட்டுவது, அதற்கடுத்தது எங்கே என்று முடிவே இல்லாமல் போகும். அந்த நேரம் பார்த்து வானம் மூடிக்கொண்டது. மழையும் பெய்யாமல் வெயிலும் அடிக்காமல், நிழல் என்பதே இல்லாமல், பொழுதுகள் சாம்பல் நிறத்தில் வந்து போயின. சுமுகமாக இருக்கவேண்டிய அந்த நாட்களில் நாங்கள் சாப்பிடாமல், தூங்காமல், வானத்தைத் திட்டிக்கொண்டு திரிந்தோம். அஞ்சலாட்சி காலையில் தோப்புகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அவள் குரல் கேட்காத காலைகள் எங்களுக்குப் பிடிக்கவில்லை, அதை ஆதிமூலமே சொன்னான்.

கடைசியில் ஒரு சாயங்காலம் மேற்கே மேகம் விலகி வெயில் வந்தது. அடுப்பில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் பெண்களும், கடையை இழுத்துச் சாத்திவிட்டு ஆண்களுமாக ஓடிவந்து சேர்ந்தோம். கலிவரதன் மரத்தின் நிழல் வரப்பைத் தாண்டி, பள்ளத்தைத் தாண்டி, தாய்மரம் நின்ற வெற்றுத் தரையில் நீளமாக வந்து விழுந்துகொண்டிருந்தது, அதாவது அஞ்சலாட்சி மண்ணில். தன் மரத்தைத் தான் படிக்கக் கூடாது என்பதால் கலிவரதன் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். யார் படிப்பது என்று ஒருவரையொருவர் பார்த்தோம்.

"அண்ணி எங்க? அண்ணியக் கூப்புடுங்க" என்றான் கலிவரதன், திரும்பாமலே.

"நான் படிச்சுத்தானே ஒங்கெளையப் போக்குனன்" என்றாள் அவள், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து.

"அப்ப காலையில படிச்சீங்க. இப்ப சாயங்காலம். நடுவுல எந்த மரமும் இல்ல. படிங்க."

அஞ்சலாட்சி முன்னால் வந்தாள். நிழலின் அடியில் குந்தி, ஈரத் தரையில் கையை ஊன்றி, மெதுவாகத் தொடங்கினாள், "அடிமரம் சுத்தம்". எழுந்து ஓர் அடி வைத்து, "தெற்குக் கெளை சுத்தம்". இலை நிழல்கள் அவள் முகத்திலும் கையிலும் அசைந்தன, "நடுக்கெளை சுத்தம், உச்சி சுத்தம், எல எல்லாம் எலயாத்தான் கெடக்குது" என்று அவள் குரல் ஏறிக்கொண்டே போனது, நாங்கள் மூச்சு விட்டோம், பெண்கள் சிலர் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பிறகு அவள் வடக்குப் பக்கம் வந்தாள், அவள் கையால் வெட்டிய இடத்துக்கு வந்தாள், அங்கே குரல் நின்றுபோனது.

நாங்கள் அண்ணாந்து மரத்தைப் பார்த்தோம், அங்கே நீலப் பசை பூசின வெட்டுவாய் மட்டும் வட்டமாக இருந்தது. குனிந்து தரையைப் பார்த்தோம். தரையில் விழுந்த நிழலிலோ அந்த வெட்டுவாய்க்குக் கீழே கொத்தாக இலைகள் விட்டிருந்தன, பெரிய பெரிய இலைகள், அந்த இலைகளுக்கு அடியில், அடிமரத்தை ஒட்டி, காம்போடு ஏதோ ஒன்று தொங்கியது.

"என்னா அண்ணி, சொல்லுங்க" என்றான் கலிவரதன், இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டு.

"துளுத்துருக்குதுடா" என்றாள் அஞ்சலாட்சி. அவள் அழுதுகொண்டே சொன்னாள், அதைத் துடைக்கவும் இல்லை. "வெட்டுன எடத்துல துளுத்துருக்குது. காயும் வுட்டுருக்குது. ஒரே ஒரு காயி."

கலிவரதன் திரும்பினான், அது கட்டுப்பாட்டுக்கு விரோதம், யாரும் தடுக்கவில்லை. தரையில் அவள் கை காட்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான், மேலே வெட்டுவாயைப் பார்த்தான், மறுபடியும் கீழே பார்த்தான்.

"ஒங்க மண்ணுலதான அண்ணி வுழுந்துருக்குது" என்றான். "அப்ப அந்தக் காயி ஒங்களுது."

அவள் அது வேண்டாம் என்று சொல்லவில்லை. வெயில் இறங்க இறங்க நிழல் நீண்டுகொண்டே போய், அந்த ஒற்றைக் காய் தரையில் நகர்ந்து நகர்ந்து, அங்கேயே குந்திவிட்ட அஞ்சலாட்சியின் மடியில் வந்து விழுந்தது, பொழுது இறங்கி அது கண்ணுக்கு மறையும் வரைக்கும் அவள் எழுந்திருக்கவே இல்லை, நாங்களும் அவளை எழுப்பவில்லை.